புதுப்பிப்பு: கத்தலான் உறவுப்பெயர்கள் ஒருவழியாக மனதில் நின்றன

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: கத்தலானில் (ஸ்பெயினின் கத்தலோனியாப் பகுதியில் பேசும் மொழி) நெபொட் (சகோதரன் அல்லது சகோதரியின் மகன்), நெட் (பேரன்) இரண்டும் எத்தனை முறை படித்தாலும் குழம்புகிறதே என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

"பட்டியலை விடுங்கள், உங்கள் வீட்டு ஆட்களை வைத்து வாக்கியமாகச் சொல்லுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. ஒரு தாளில் எங்கள் குடும்ப மரத்தை வரைந்து, ஒவ்வொருவரையும் விரலால் தொட்டு, 'எல் மெவ் பாரே' (என் அப்பா), 'லா மெவா ஜெர்மானா' (என் சகோதரி) என்று வாய்விட்டுச் சொன்னேன். பத்து நாளில் குழப்பம் போய்விட்டது.

தமிழோடு பொருத்திப் படிக்கும் யோசனை பாதிதான் உதவியது. பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோரும் அங்கே ஒரே 'ஒங்க்ளே'. ஆனால் சம்பந்திக்கு அச்சாக ஒரு சொல் இருக்கிறது: 'கொன்சொக்ரே'. அதைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்!

எதிர்பாராதது ஒன்று: பழைய புத்தகங்களில் பேரனைக் குறிக்கும் 'நெட்' மேல் ஒரு குறி இருக்கும். 2016 எழுத்துச் சீர்திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். குழம்ப வேண்டாம், இரண்டும் ஒரே சொல்தான்.

அப்புறம், கத்தலோனியாவின் மேற்கிலுள்ள லெய்தா ஊர்த் தோழி "லா மெவா பத்ரினா" செய்த பண்டம் என்று ஒரு டப்பாவை நீட்டினார். ஞானத்தாய் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்பவர்) என்று நினைத்தேன். அவர் சொன்னது பாட்டியை! பார்சலோனாவில் பத்ரினா என்றால் ஞானத்தாய். பாட்டி 'ஆவியா', செல்லமாக 'யாயா'. லெய்தா பக்கமும் மயோர்க்கா தீவிலும் பாட்டியே பத்ரினா.