மெய்யறிதன்மை: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

திங்கள் இரவு, திருச்சியிலிருந்து (கல்லூரி ஆசிரியை)

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை எங்கள் கல்லூரியில் இரண்டாமாண்டு மாணவிகளுக்கு விக்கிப்பீடியாப் பட்டறை வைத்திருக்கிறோம். நான்கு பக்கக் கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். நடுநிலை நோக்கு, குறிப்பிடத்தக்கமை என்ற விதிகள், எழுதிப் பழகும் மணல்தொட்டி எல்லாம் எழுதி முடித்துவிட்டேன். ஆங்கிலத்தில் verifiability என்கிற விதிக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் உள்ள பெயரான ‘மெய்யறிதன்மை’யில் மாட்டிக்கொண்டேன்.

முன்னோட்டமாகப் போன வாரம் ஒரு மாணவியை எழுத வைத்தேன். தன் ஊர் ஏரிக் கலிங்கைக் கட்டியது யார் என்று பாட்டி சொன்னதை வைத்து அழகாக எழுதினாள். மறுநாள் பார்த்தால் அந்த வரிக்குப் பக்கத்தில் ‘சான்று தேவை’. என்னிடம் வந்து, “மெய்யா இருக்கணும்னுதானே மேடம் விதியோட பேரே சொல்லுது? எங்க பாட்டி பொய் சொல்ல மாட்டாங்க” என்றாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. அந்தப் பதிலுக்கு விதியின் பெயரே எதிர்சாட்சியாக நிற்பதுதான் சிக்கல். வேறு சொல் உண்டா?

செவ்வாய் காலை, சென்னையிலிருந்து (மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்)

அம்மா, உங்கள் மாணவி நேராக ஆணிவேரைத் தொட்டுவிட்டாள். பாட்டி சொன்னது உண்மையா என்று விதி கேட்கவே இல்லை. முன்பின் தெரியாத ஒரு வாசகர், தானே போய்ப் பார்த்துக்கொள்ள ஏதாவது வெளியாகியிருக்கிறதா என்றுதான் கேட்கிறது. ஆங்கில விக்கியின் விதிப்பக்கத்தில் பல வருடம் முதல் வரியிலேயே இதைப் போட்டு உடைத்திருந்தார்கள்: வாசல் அளவுகோல் சரிபார்க்க முடிவதுதான், உண்மை அல்ல என்று. ‘அப்படியானால் பொய் எழுதலாமா’ என்று சண்டை வளர்ந்து 2012-இல் முகப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். விதி என்னவோ அதேதான்.

அதே 2012-இல்தான் அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத் கதை நடந்தது. அவருடைய நாவல் ஒன்றின் நாயகன் யாரை வைத்து உருவானான் என்று விக்கியில் இருந்த வரி தவறு என்று ஆள் விட்டுச் சொன்னார். எழுதியவரே சொன்னாலும் வேறு சான்றும் வேண்டும் என்று பதில் வந்தது. மனிதர் நியூயார்க்கர் இதழில் நீளமாக ஒரு திறந்த மடல் எழுதினார். அப்புறம் அந்த மடலே சான்றாகிவிட்டது! பாட்டிக்கு நியூயார்க்கர் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் பரிந்துரை ‘சரிபார்க்கத்தக்கமை’. குறிப்பிடத்தக்கமைக்குத் தங்கை மாதிரி இருக்கும்.

செவ்வாய் மாலை, தஞ்சாவூரிலிருந்து (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

முதலில் இலக்கணத்தைப் பார்ப்போம். ‘அறிதன்மை’ வினைத்தொகை. ‘காலம் கரந்த பெயரெச்சம்’ என்கிறார் நன்னூலார். இங்கே காலம் மட்டுமா கரந்தது? ஆளும் கரந்துவிட்டான். மெய்யை அறிகிறவனுடைய தன்மையா, அறியப்படுகிற செய்தியின் தன்மையா? செய்திக்கு உரியதை ஆளுக்கு ஏற்றிப் படிக்க இடம் தருகிறது. இந்தச் சொல்லில் உள்ள பழுது இதுதான்.

ஆனால் ‘சரிபார்க்கத்தக்கமை’யையும் ஏற்க மாட்டேன். கணக்குப்பிள்ளையின் பேரேட்டு வாடை அடிக்கிறது. மேலும் பதினொரு எழுத்து!

நம்மிடம் இரண்டே எழுத்தில் சொல் இருக்கிறது: கரி. சாட்சி என்று பொருள். ‘இந்திரனே சாலுங் கரி’ (குறள் 25). அந்த அடியில் ‘சாலும்’ பக்கத்திலேயே நிற்பதைக் கவனியுங்கள். சால் என்ற அடியிலிருந்துதான் சான்று, சான்றோன், சான்றாண்மை எல்லாம் கிளைத்தன. நிறைவதே சால்பு. சொன்ன சொல் நிறைவுபெறத் துணைநிற்பது சான்று. ஆக, கரியும் சான்றும் ஒரே அடியில் தோளோடு தோள் நிற்கின்றன. ‘கரியுடைமை’ என்று வைப்போம். அன்புடைமை, அறிவுடைமை வரிசையில் அழகாக உட்காரும்.

செவ்வாய் இரவு, கோவையிலிருந்து (அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர்)

ஐயா, மன்னிக்க வேண்டும். ‘கரியுடைமை’ என்று அச்சில் வந்தால் பாதிப் பேர் யானை வைத்திருப்பது என்பார்கள். மீதிப் பேருக்கு அடுப்பு ஞாபகம் வரும். வேதியியல் மாணவிகள் கரிமம் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

நான் ‘மெய்’க்காக ஒரு வார்த்தை பேசலாமா? இருபத்தெட்டு வருடமாக மெய்ப்புப் பார்த்துச் சாப்பிடுகிறேன். அங்கே மெய் என்பது மூலப்படியோடு ஒத்திருப்பதுதான். ஆசிரியர் ‘சூரியன் மேற்கே உதிக்கிறது’ என்று எழுதியிருந்தால் மேற்கேயே உதிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். ‘மேறகே’ என்று விழுந்திருந்தால்தான் என் பேனா இறங்கும். விக்கி விதி கேட்பதும் இதைத்தானே? கட்டுரை, சான்று நூலோடு ஒத்துப்போகிறதா என்று. அப்படிப் பார்த்தால் மெய்யறிதன்மையில் இருப்பது என் மெய்ப்பின் மெய். புழங்கும் சொல்லை ஏன் கலைக்க வேண்டும்?

புதன் காலை, யாழ்ப்பாணத்திலிருந்து (நூலகர்)

கோவை அண்ணா சொன்னது நல்ல விளக்கம். ஆனால் கையேட்டைக் கையில் எடுக்கிற பிள்ளை அச்சகத்தில் வேலை செய்த பிள்ளை இல்லையே.

இங்கே எங்களுக்குப் பழக்கமான சொல் ‘அத்தாட்சிப்படுத்தல்’. எந்த விண்ணப்பம் என்றாலும் பிரதியைச் சமாதான நீதவானிடம் கொண்டுபோய் முத்திரை வாங்குவோம். எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. முத்திரை குத்த விக்கியில் நீதவான் ஒருவரும் இல்லை, வாசிக்கிறவரே பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் சரிபார்க்கத்தக்கமைக்கு என் வாக்கு. நீளம்தான், ஆனால் சொல்லை உடைத்தால் பொருள் தானாக வெளியே வந்துவிடும்.

இன்னொன்று. இந்த இடத்தில் 423ஆம் குறளை யாராவது கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கொண்டுவராததால் நானே சொல்கிறேன். ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ என்பது விக்கிக்கு நேர் எதிர். அங்கே யார் வாய் என்பதுதான் முதல் கேள்வி. வள்ளுவர் கணக்குத் தொடங்கியிருந்தால் இரண்டு நாளில் அவர் பேச்சுப் பக்கம் எச்சரிக்கைகளால் நிறைந்திருக்கும்.

புதன் இரவு, தஞ்சாவூரிலிருந்து

வள்ளுவரை விடுங்கள், சேக்கிழாரிடம் வாருங்கள். தடுத்தாட்கொண்ட புராணத்தில் சுந்தரரின் திருமணத்தில் கிழவேதியர் வந்து நீ என் அடிமை என்கிறார். ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் பிடுங்கிக் கிழிக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையோர் கேட்பது என்ன? ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி, இந்த மூன்றில் ஒன்றைக் காட்டு என்கிறார்கள். கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். பிறகு சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தை அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒத்துப் பார்த்தே தீர்ப்புச் சொல்கிறார்கள். வந்தவர் சிவபெருமான்! அவருக்கே ஆவணம் இல்லாமல் வழக்கு நிற்கவில்லை. உங்கள் மாணவியிடம் இதைச் சொல்லுங்கள் அம்மா, பாட்டியை யாரும் ஐயப்படவில்லை என்று புரிந்துவிடும்.

யானைக்குப் பயந்தால் ‘ஆவணக்கரி’ என்று வைத்துக்கொள்ளலாம்.

வியாழன் காலை, சென்னையிலிருந்து

ஆவணக்கரியில் எனக்கு எரிந்துபோன பத்திரப்பதிவு அலுவலகம்தான் தெரிகிறது ஐயா. ஆனால் ‘அயலார் காட்சி’ தங்கம். கட்டுரைப் பொருளோடு தொடர்பில்லாதவர் எழுதிய சான்றுக்கு இத்தனை நாளாக ‘மூன்றாம் தரப்பு ஆதாரம்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறேன், காப்பீட்டுப் பத்திரம் போல. இனி ‘அயற்சான்று’.

பாட்டிகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 2011-இல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாய்மொழிச் சான்று என்று ஒரு முயற்சி செய்து பார்த்தார்கள். அச்சில் ஏறாத விளையாட்டு, சடங்கு, சமையல் பற்றித் தெரிந்தவர்களைப் பேசவைத்துப் பதிவுசெய்து, அதையே சான்றாகக் காட்டினார்கள். பொது விதியாக அது நிலைக்கவில்லை. நம் ஏரிகளின் கதை பாதி அப்படித்தான் வெளியே நிற்கிறது.

வியாழன் இரவு, திருச்சியிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. என்னையும் சேர்த்து மூன்று பேர் ‘சரிபார்க்கத்தக்கமை’, ஒருவர் ‘மெய்யறிதன்மை’, ஒருவர் கரி. எனக்கும் தூக்கம் வருகிறது. தலைப்பில் சரிபார்க்கத்தக்கமை, அடுத்த வரியில் ‘தளத்தில் இதை மெய்யறிதன்மை என்று தேடவும்’. அயற்சான்றையும் சேர்த்துவிட்டேன். சுந்தரர் கதை பெட்டிச் செய்தி.

மாணவியிடம் கதையைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப பாட்டி சொன்னதை நான் கல்லூரி மலர்ல எழுதிட்டா அது ஆவணம்தானே மேடம்?” என்றாள். நீயே எழுதி நீயே காட்டினால் அயலார் யார் என்றேன். தோழியை விட்டு எழுதச் சொல்லப் போகிறாளாம். இதற்கு ஒரு சொல் இருந்தால் அடுத்த பதிப்புக்குத் தாருங்கள். கோப்பை இணைத்திருக்கிறேன்.

வியாழன் இரவு, தஞ்சாவூரிலிருந்து

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். உடன்படவில்லை என்பதையும் பதிவுசெய்கிறேன். ஐம்பது வருடம் கழித்துக் கரி திரும்பி வரும்.

வெள்ளி, காலை 5.40, கோவையிலிருந்து

அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. மூன்றாம் பக்கத் தலைப்பில் ‘சரிபார்க்கதக்கமை’ என்றிருக்கிறது. த் விட்டுப்போயிற்று.