பூ வரையப் போய் பல்பு வாங்கின கதைங்க

பூ வரையறவங்க யாராச்சும் இருந்தா உங்க கதைய எடுத்து விடுங்க, வாட்டர்கலரோ ஆயிலோ எதுன்னாலும் சரி. நானே ஆரம்பிக்கறேன்.

என் மொத சறுக்கல் மல்லிப்பூல. வெள்ளப் பூதானே, என்ன பெரிய வித்தைன்னு நெனச்சு அம்மா கட்டி வெச்சிருந்த சரத்துல ஒரு முழம் வாங்கி வெள்ளத் தட்டுல வெச்சுட்டு உக்காந்துட்டேன். வாட்டர்கலர்ல வெள்ளைய பூசறதில்ல, பேப்பர்தான் வெள்ள, நாம தொடாம விட்டு வெக்கற எடம்தான் பூ. இதெல்லாம் படிச்சது மண்டைல இருந்துச்சு, கைக்கு எறங்கல. இதழ் இதழா கிரே போட்டு போட்டு கடைசில பாத்தா ஊறவெச்ச அவல் மாதிரி இருக்கு. அம்மா வந்து பாத்துட்டு "என்னடி, பூண்டு உரிச்சு வெச்சிருக்கியா"ன்னு கேட்டாங்க.

அடுத்த தடவ அந்த வெள்ளத் தட்ட தூக்கிப் போட்டுட்டு வாழை எலை மேல வெச்சேன். பூவ தொடவே இல்ல, சுத்தி இருக்கற கரும்பச்சைய மட்டும் போட்டுட்டு வந்தேன், பூ தானா எழுந்து உக்காந்துச்சு. நிழலுக்குக் கூட கிரே வேணாங்க, எலையோட பச்ச இதழ்ல லேசா அடிக்கும் பாருங்க, அதுவும் காம்புகிட்ட ஒரு சொட்டு மஞ்சப்பச்சையும் போதும். இன்னொரு கூத்து என்னன்னா, சாயங்காலம் உக்காந்தப்ப எல்லாம் மொட்டு, நான் முடிக்கறதுக்குள்ள பாதி விரிஞ்சிருச்சு. அதனால படத்துல இடது பக்கம் மொட்டு, வலது பக்கம் பூ. என்னமோ யோசிச்சு செஞ்ச மாதிரி எல்லாரும் பாராட்டறாங்க, நானும் வாய மூடிட்டு வாங்கிக்கறேன்.

ஆனா என்னைய உலுக்கிப் போட்டது அரளிதான். அந்த ரோஸ் இருக்கே, எந்த சிவப்ப தண்ணி விட்டு கரைச்சாலும் அது வராது, மந்தமா நிக்கும். அப்பதான் ஓபரா ரோஸ்னு ஒரு டியூப் வாங்கினேன், அடேங்கப்பா, பேப்பருக்குள்ள பல்பு போட்ட மாதிரி. எதிர்வீட்டு அக்கா பாத்துட்டு ஆயிரத்தி ஐநூறு ரூவா குடுத்து வாங்கிட்டாங்க, நான் வித்த மொத படம் அது. ஜன்னல் வெயில் நேரா அடிக்கற செவுத்துல மாட்டினாங்க. ரெண்டு வருசம் கழிச்சு கொலுவுக்குப் போறேன், படத்துல எலை இருக்கு, காம்பு இருக்கு, பூ இருந்த எடத்துல சாயம் போன ஜாக்கெட் துணி மாதிரி ஒரு வெளிறல். அவங்க ஒரு வார்த்த சொல்லல, சுண்டல் குடுத்தாங்க. திட்டியிருந்தா கூட பரவால்ல.

அந்த ஓபரா ரோஸ்ல ஃப்ளோரசன்ட் டை, அதாவது ஒளிர்ற சாயம் இருக்கு, வெளிச்சம் பட்டா மொதல்ல பறக்கறது அதுதான். டியூப் மேல எந்த நிறமின்னு சொல்ற பிக்மென்ட் நம்பர், வெளிச்சத்துக்கு எவ்ளோ தாங்கும்னு எல்லாம் போட்டிருந்தாங்க, நான்தான் கலர பாத்து மயங்கி படிக்கவே இல்ல. இப்ப பி.வி. 19ன்னு நம்பர் போட்ட குயினாக்ரிடோன் ரோஸ்தான் வாங்கறேன், அந்த மினுக்கு கம்மிதான், ஆனா நிக்கும். அக்காவுக்கு அதுல புதுசா ஒண்ணு வரைஞ்சு குடுத்தேன், காசு வாங்கல.

*

அரளி வரைஞ்ச அக்கா, ரொம்ப வருத்தப்படாதீங்க, பெரிய ஓவியர் வான்கோவே இதுல மாட்டினவர்தான். 1890 மே மாசம் செயின்ட் ரெமி ஆஸ்பத்திரிய விட்டு கெளம்பறதுக்கு முன்னாடி ரோஜா வரைஞ்சாரு இல்ல, இப்ப பாக்கறவங்க வெள்ள ரோஜான்னு நெனச்சுக்கறாங்க, உண்மைல அது ரோஸ் கலர், சிவப்பு சாயம் வெளுத்துப்போச்சு. இத்தனைக்கும் இந்தக் கலர்ங்க நிக்காதுன்னு அவருக்கே தெரியும், தம்பி தியோவுக்கு லெட்டர்ல எழுதியிருக்காரு, அதனாலதான் தூக்கலா அடிக்கணும்னு.

நான் ஆயில் ஆளு. செம்பருத்தி காலைல விரிஞ்சு சாயங்காலம் சுருண்டுக்கும், நானோ ஒரு இதழுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கற ஜாதி. மூணு நாள் மூணு பூ பறிச்சு வெச்சு ஒரே பூவா வரைஞ்சேன், ஒண்ணு எடப்பக்கம் சாஞ்சது, ஒண்ணு பெருசு, ஒண்ணுக்கு மகரந்தத் தண்டு வளைஞ்சிருக்கு, கடைசில வந்தது எந்தச் செடியிலயும் பூக்காத பூ. இப்ப பூவ மட்டும் மொத நாப்பது நிமிசத்துல மெல்லிசா போட்டு நிறுத்திருவேன், எலை, சாடி எல்லாம் மறுநாளைக்கு, அதுங்க எங்க ஓடப் போகுது. ஆனா டச்சுக்காரங்க இப்படி பல நாள் பூவ ஒண்ணா சேக்கறத கலையாவே ஆக்கிட்டாங்க, ரேச்சல் ரைஷ்னு ஒரு அம்மா, 1664ல பொறந்து எண்பது வயசுக்கு மேலயும் பூ வரைஞ்சவங்க, வேற வேற பருவத்துல பூக்கற பூவெல்லாம் ஒரே சாடில நிக்கும், பாத்தா சந்தேகமே வராது.

புதுசா வரவங்களுக்கு ஒண்ணு, சிவப்பு இதழ்ல வெளிச்சம் காட்ட வெள்ளைய கலக்காதீங்க, ரோஸாயிரும், சூடு செத்துரும். ஆரஞ்சு பக்கம் போங்க, வெள்ளைய கடைசில ஒரே ஒரு எடத்துல வைங்க.

அப்பறம் இத சொல்லாம போனா தூக்கம் வராது. ஆயில் தண்ணி மாதிரி ஆவியாகி காயறதில்ல, அதுல இருக்கற லின்சீட் ஆயில், அதான் ஆளிவிதை எண்ணெய், காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேந்து மெதுவா இறுகணும், நாள் கணக்குல பிசுபிசுன்னு நிக்கும். ஐப்பசி மழைல ஒரு ராத்திரி லைட்ட அணைக்காம தூங்கிட்டேன். காலைல பாத்தா செம்பருத்தி மேல நூறு றெக்கை ஒட்டியிருக்கு. படம் நிறுத்தற ஸ்டாண்டு பேரும் ஈசல்தானே, ஈசல்ல வெச்ச படத்துல ஈசல்! ட்வீசர் வெச்சு ஒவ்வொண்ணா எடுத்தேன், இன்னும் கீழ் மூலைல ரெண்டு இருக்கு.

*

ஈசலுக்கு சிரிச்சு முடியல 😂

நான் பாட்டனி படிச்சவ, வாட்டர்கலர்தான். எங்க மூலனூர் பக்கம் செங்காந்தள விதைக்காக தோட்டமாவே போட்டிருக்காங்க. பச்சையா விரியும், மஞ்சளாகும், ஆரஞ்சு, அப்பறம் முழுச் சிவப்பு, ஒரே பூதான். ஒரு தண்டுல எல்லா வயசும் தொங்குது, எந்த வயசுப் பூவ வரையறது? நான் மேல இருந்து கீழ அப்படியே வரிசையா போட்டுட்டேன், எலை நுனி சுருண்டு கம்பிய புடிக்குது பாருங்க, அதுக்கு மட்டும் அரை நாள். பூவ விட அதுதான் எனக்குப் புடிச்சுது.

இந்த வேலைல எனக்கு குருன்னா ருங்கையாவும் கோவிந்தும்தான். ராபர்ட் வைட்னு மெட்ராஸ் மாகாணத்துல இருந்த டாக்டரு, 1838ல இருந்து 1853 வரைக்கும் தென்னிந்தியச் செடிங்களோட படத்த தொகுதி தொகுதியா போட்டாரு, அதுக்கு வரைஞ்ச கை இவங்க ரெண்டு பேரோடது. கோவிந்து பேர வைட் ஒரு ஆர்க்கிட் வகைக்கே வெச்சாரு. ஆனா நம்ம காலேஜ்ல எனக்கு ஒருத்தர் கூட இவங்க பேர சொல்லித் தரல, அந்தக் கோவம் இன்னும் இருக்கு.

என் பல்பு கேளுங்க. பிரஷ் முனைய கூர் பண்ண உதட்டுல வெச்சு இழுக்கற கெட்ட பழக்கம் எனக்கு. காந்தள் தண்ட அறுத்து வெச்ச அதே கையால பிரஷ்ஷ புடிச்சு வாய்க்கு கொண்டு போறேன், பாட்டி பின்னாடி இருந்து மணிக்கட்டுல ஒண்ணு போட்டாங்க பாருங்க. "அது கலப்பைக் கெழங்குடி, தெரிஞ்சுதான் செய்யறியா?" செடி பூரா விஷம், கெழங்கும் விதையும் ரொம்ப மோசம். படத்துல ஒரு சிவப்புக் கோடு குறுக்க ஓடுது, அது பாட்டி அடி. கழுவி எடுத்தும் போகல.

*

அய்யய்யோ, அரளியும் விஷமாச்சே, நானும் உதட்டுலதான் வெச்சிருக்கேன், அதுவும் எத்தன நாளு! இப்பவே ஒரு பழைய காட்டன் துணி எடுத்து பேலட் பக்கத்துல வெச்சாச்சு. சரி, அடுத்து யாரு? தாமரை வரைஞ்சவங்க யாராச்சும் வாங்க, அந்த எலை மேல உருளற தண்ணிய எப்படி போடறீங்கன்னு எனக்கு இன்னிக்கே தெரியணும்.