மறு: பணியிடக் காரீயம் – ‘வெளிப்பாடு’ சரியா?

அன்புள்ள குழுவினருக்கு,

> ‘Lead exposure’ என்பதற்குத் தமிழில் ‘காரீய வெளிப்பாடு’ என்றே வைத்துக்கொள்ளலாம். பாடநூல்களில் பழகிவிட்டது.

பழகியது உண்மைதான். ஆனால் நம் கையேடு போகப்போவது அம்பத்தூரிலும் புதுப்பேட்டையிலும் பழைய பேட்டரி பிரிப்பவர்களிடம். உள்ளே இருப்பது வெளியே வந்தால்தான் வெளிப்பாடு. ‘தொழிலாளரின் காரீய வெளிப்பாடு குறைந்தது’ என்று படிப்பவர், உடம்பிலிருந்து காரீயம் வெளியேறுவது குறைந்ததாக எடுத்துக்கொண்டால் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது.

‘வெயில் படாமல் வை’, ‘தூசி படும், மூடு’ என்றுதான் பேசுகிறோம். ஆகவே ‘காரீயம் படுதல்’. அளவைச் சொல்லும் இடத்தில் ‘படுமளவு’. ‘படுகை’ வேண்டாம், ஆற்றுப்படுகையோடு குழம்பும். வெறும் ‘ஈயம்’ என்றும் எழுத வேண்டாம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். அதுவும் இதுவும் ஒன்றென்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நான் வற்புறுத்துவது இன்னொன்று. காரீயம் படுவது காலப்போக்கில் எப்படி மாறியது என்று சொல்லும் அத்தியாயத்துக்கு ஒரு சொல் போதாது. அமெரிக்காவில் 1978இல் பணியிடக் காற்றின் வரம்பை ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராமிலிருந்து 50ஆகக் குறைத்தார்கள், எட்டு மணி நேரச் சராசரியாக. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருந்தது 0.15 மில்லிகிராம், அதாவது 150 மைக்ரோகிராம். இவையெல்லாம் படுமளவு. உடம்புக்குள் போனது வேறு கணக்கு. ரத்தத்தில் உள்ள காரீயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பில் படிந்தது பல ஆண்டுகள் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குத் திரும்பும். திருவல்லிக்கேணி அச்சகங்களில் காரீய எழுத்துகளைக் கோத்தவர்களுக்கு, காரீய எழுத்தே தேவைப்படாத ஆஃப்செட் அச்சு வந்ததும் காரீயம் படுவது நின்றது. ஆனால் எலும்பில் சேர்ந்தது அன்றோடு போய்விடவில்லை. ‘விஷம் ஏறுகிறது’ என்று சொல்லும் வழக்கத்தை ஒட்டி ரத்தத்தில் இருப்பதற்கு ‘ஏறளவு’, எலும்பில் இருப்பதற்கு ‘தேக்கம்’ என்று வைக்கலாம்.

அப்புறம், ‘படுமளவுப் போக்கு’ என்று எழுதும்போதெல்லாம் எந்தத் தொழில் என்பதையும் சேர்க்க வேண்டும். காரீயமில்லாப் பெட்ரோல் 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு வந்தது, 2000இல் நாடு முழுவதும். பங்க் ஊழியருக்கும் போக்குவரத்துக் காவலருக்கும் அது பெரிய விடுதலை. பேட்டரியை உடைத்து உருக்குபவருக்கு அதனால் ஒன்றும் மாறவில்லை. வண்டியும் இன்வெர்ட்டரும் பெருகியதில் அவர் கைக்கு வரும் பழைய பேட்டரி கூடத்தான் செய்தது. எல்லாரையும் சேர்த்துச் சராசரி போட்டு ‘குறைந்துவிட்டது’ என்று எழுதினால் அவர் கணக்கிலேயே வரமாட்டார்.

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து

– – –

வணக்கம்.

‘படுமளவு’ எனக்குச் சம்மதம். ‘ஏறளவு’ நல்ல சொல், ஆனால் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு ஒப்பிட்டுப் படிப்பவருக்கு ‘ரத்தக் காரீய அளவு’ என்றால் உடனே புரியும். சீட்டு பேசும் இடத்தில் அதையே வைப்போம்.

ஒரு குறை தெரிகிறது. கை கழுவாமல் டீயும் வடையும் சாப்பிடும்போது காரீயம் வாய்வழியாகவும் போகிறது. காற்றை மட்டும் அளந்து ‘படுமளவு குறைவு’ என்றால் தவறான தைரியம் கொடுத்துவிடுவோம்.

– – –

சரி, மிகவும் முக்கியமான திருத்தம். ‘காற்றுவழிப் படுமளவு’, ‘கைவழிப் படுமளவு’ என்று பிரித்துவிடலாம். வேலைச் சட்டையில் ஒட்டி வீட்டுக்குப் போகும் தூசி குழந்தைகள்மேல் படுவதையும் கைவழியின் கீழே சேர்க்கிறேன். ‘ரத்தக் காரீய அளவு’ அப்படியே இருக்கட்டும். ‘ஏறளவை’ விளக்கப் பகுதியில் மட்டும் வைக்கிறேன். ‘தேக்கம்’ பற்றி இன்னும் யாரும் கருத்துச் சொல்லவில்லை. நீர்த்தேக்கத்தை நினைவூட்டுவது இடைஞ்சலா, உதவியா என்று எழுதுங்கள்.