லோடோஸ் வார் எந்த வரிசைல பாக்கணும்? தாயக்கட்டை வெச்சு வீட்ல இந்த மாதிரி விளையாட முடியுமா?

மேகமூட்டம் (கோத்தகிரி):
எல்லாருக்கும் வணக்கம். இங்க ஐப்பசி மழை பிடிச்சு நாலு நாளாச்சு, கீழ போற ரோட்டுல மண்ணு சரிஞ்சு கிடக்கு, தீபாவளிக்கு வந்த அக்கா பசங்க நாலு பேரும் ஊருக்குப் போக முடியாம எங்க வீட்லயே இருக்காங்க. கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னே தெரியல. நேத்து லேப்டாப்ல சார்ஜ் இருந்தப்ப ரெக்கார்ட் ஆஃப் லோடோஸ் வார்னு ஒரு பழைய ஜப்பான் அனிமே போட்டேன், ரொம்ப நாளா பாக்கணும்னு வெச்சிருந்தது. மொத எபிசோடுல ஆறு பேரு பழைய சுரங்கத்துக்குள்ள போறாங்க, கல்லுச் சிலை உயிர் வந்து அடிக்குது, டிராகன் வருது, பசங்க வாயப் பொளந்து பாத்தாங்க. ரெண்டாவது எபிசோடு போட்டா ஹீரோ பார்ன் அவன் ஊர்ல இருக்கான், மொத எபிசோடுல கூடவே வந்த டீட்லிட் யாருன்னே அவனுக்குத் தெரியல! சின்னவ "மாமா, தப்பா போட்டுட்டீங்க"ன்னு சண்டைக்கு வந்துட்டா. வரிசை இதுதானா? 1998ல வந்த டிவி சீரிஸை இதோட சேத்து பாக்கணுமா?

இன்னொண்ணு, இது முதல்ல பகடை போட்டு விளையாடின ஆட்டம்னு கேள்விப்பட்டேன். பசங்களுக்கு 9லேருந்து 14 வயசு, கரண்ட் இல்லாத நேரத்துல நாங்களே இப்படி ஒண்ணு விளையாடலாமான்னு கேக்கறாங்க. இருபது பக்கம் இருக்கற பகடைக்கு நான் எங்க போவேன், வீட்ல இருக்கறது பாட்டியோட தாயக்கட்டை மட்டும்தான். தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய_கேசட் (குன்னூர்):
தம்பி, வரிசை சரிதான், பாப்பாகிட்ட சொல்லிடுங்க. 13 எபிசோடு உள்ள ஓவிஏ அது, அதாவது டிவில வராம நேரா வீடியோவா வந்த தொடர், மேட்ஹவுஸ் ஸ்டுடியோ பண்ணினது, 1990ல ஆரம்பிச்சு 1991ல முடிஞ்சுது. மொத எபிசோடு கதையோட நடுவுலேருந்து எடுத்தது, ரெண்டுலேருந்து பின்னாடி போய் ஒவ்வொருத்தரும் எப்படி சேந்தாங்கன்னு சொல்லிட்டு அந்த சுரங்கத்துக்கு வந்து சேரும். டிவி சீரிஸ் 27 எபிசோடு, அதை உடனே ஒட்டிப் பாக்காதீங்க, குழம்பிடுவீங்க, ஏன்னா ஓவிஏவோட பின்பாதில நடந்ததை அது கணக்குலயே எடுத்துக்கல, நாவல் எப்படிப் போச்சோ அப்படிப் போகும், அப்பறம் ஸ்பார்க்னு ஒரு பையன் கைக்கு கதை போயிடும். ஒரு மாசம் கழிச்சு தனியா பாருங்க.

பகடை விஷயம் நீங்க கேள்விப்பட்டது உண்மை, எனக்கு இந்தத் தொடர்லயே ரொம்பப் பிடிச்ச விஷயம் அதுதான். 1986ல காம்ப்டிக்னு ஒரு கம்ப்யூட்டர் கேம் பத்திரிகைல இது கதையா வரல, ரீப்ளேயா வந்துது. ரீப்ளேன்னா நாலஞ்சு பேரு மேஜையச் சுத்தி உக்காந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமா டி அண்ட் டி, ஒருத்தர் கதை சொல்ல மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரமா பகடை உருட்டற ஆட்டம்) விளையாடும்போது யாரு என்ன சொன்னாங்க, பகடைல என்ன விழுந்துதுன்னு நாடக வசனம் மாதிரி அப்படியே அச்சுல போடறது. ஆட்டத்தை நடத்தினவரு ரியோ மிசுனோ, குரூப் எஸ்என்இங்கற ஆட்டம் உருவாக்கற குழுவோட ஆளு. அவரே 1988லேருந்து அதை நாவலா எழுத ஆரம்பிச்சாரு, அனிமே, மாங்கா (ஜப்பான் காமிக்ஸ்) எல்லாம் அதுக்கு அப்பறம்தான். டீட்லிட்டா விளையாடினது ஹிரோஷி யமமோட்டோன்னு ஒரு அறிவியல் கதை எழுத்தாளரு, ஆம்பளை. டீட்லிட் ஒரு எல்ஃப், மேலைநாட்டுக் கதைல வர்ற மாய இனம், ஓவியர் யுடகா இசுபுச்சி அந்த எல்ஃபுக்கு நீளமா காது வெச்சு வரைஞ்சாரு பாருங்க, அதுக்கப்பறம் ஜப்பான்ல எல்ஃப்னாலே அந்தக் காதுதான்னு ஆகிப்போச்சு.

அந்த ஆறு பேரை கவனிச்சுப் பாருங்க. பார்ன் சண்டைக்காரன், எட்டோ பூசாரி, ஸ்லேன் மந்திரவாதி, உட்சக் திருடன், டீட்லிட் எல்ஃப், கிம் குள்ளன். அப்ப இருந்த பழைய டி அண்ட் டி பேசிக் பெட்டில மொத்தம் ஏழு வகை ஆளு, எல்ஃபும் குள்ளனும் அதுல தனித்தனி வகை. ஏழுல ஹாஃப்லிங் (குட்டி மனுஷ இனம்) ஒண்ணு தவிர ஆறும் இங்க இருக்கு! யாரோ எழுத்தாளரு தனியா உக்காந்து யோசிச்ச கூட்டம் இல்ல இது, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்து விளையாடின கூட்டம், அதனாலதான் கிம்முக்கும் மத்தவங்களுக்கும் நடுவுல இருக்கற அந்த ஒட்டுதல் நிஜமா இருக்கு. கிம் பத்தி இதுக்கு மேல சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்க.

வால்பேப்பர்_வேட்டை:
ப்ரோ, பசங்களுக்கு லோடோஸ் கொஞ்சம் ஸ்லோவா இருக்கும், டஞ்சன் மேஷி போடுங்க. ரியோகோ குய் எழுதின மாங்கா, 2014லேருந்து 2023 வரைக்கும் வந்துது, 14 புத்தகம். அனிமே 2024ல ட்ரிக்கர் ஸ்டுடியோ பண்ணினது, 24 எபிசோடு, நெட்ஃபிளிக்ஸ்ல இருக்கு. தங்கச்சியை டிராகன் முழுங்கிடுது, காப்பாத்தப் போக கைல காசில்ல, அதனால குகைக்குள்ள கிடைக்கற பூதத்தையே சமைச்சு சாப்ட்டுக்கிட்டு போறாங்க. மொத சமையலே தேளும் நடக்கற காளானும் போட்ட குழம்பு. யாரு முன்னாடி நடக்கணும், யாரு பொறியைப் பாக்கணும், சோத்துக்கு என்ன வழின்னு ஆட்டத்துக்கு வேண்டியதை அதுல அவ்ளோ அழகா கத்துக்கலாம். நம்ம மலைப் பசங்களுக்கு ஒண்ணு மட்டும் சொல்லி வைங்க, மழைக்கு அப்பறம் சோலைல முளைக்கற காளானை அதப் பாத்துட்டு பறிக்கக் கூடாது. காப்ளின் ஸ்லேயரும் இதே வகைதான், ஆனா மொத எபிசோடே ரொம்பக் கொடூரம், சின்னப் பசங்க முன்னாடி போடவே போடாதீங்க.

பழைய_கேசட் (குன்னூர்):
டஞ்சன் மேஷி அருமையான தொடர்தான், மறுக்கல. ஆனா பசங்க ஏற்கனவே வாயப் பொளந்து பாத்தாங்கன்னு அவரே சொல்றாரே, அதை ஏன் நிறுத்தணும்? ஸ்லோவா இருந்தா இருக்கட்டும், பசங்க பாப்பாங்க.

குறிஞ்சிக்காடு (கொடைக்கானல்):
தம்பி, தாயக்கட்டை இருந்தா போதும்ப்பா, நான் எங்க தெருப் பசங்களுக்கு மூணு வருஷமா அதை வெச்சுதான் நடத்தறேன். ஜப்பான்லயே குரூப் எஸ்என்இ 1989ல சொந்தமா போட்ட சோர்ட் வேர்ல்டு ஆட்டத்துக்கு சாதாரண ஆறு பக்கப் பகடை ரெண்டே ரெண்டுதான் வேணும், லூடோ டப்பால இருக்கறது மாதிரி. லோடோஸ் தீவு இருக்கற அதே உலகத்துலதான் அந்த ஆட்டமும் நடக்குது.

தாயக்கட்டைல கணக்கு இப்படி வரும். ஒரு கட்டைல 1, 2, 3, ஒரு பக்கம் வெறும் பக்கம், ரெண்டு கட்டைக்கு மொத்தம் 16 விதமா விழும். மூணுதான் அதிகமா விழும், பதினாறுல நாலு தடவை. அதனால சாதாரண காரியத்துக்கு மூணும் அதுக்கு மேலயும் வந்தா ஜெயிச்சதா வெச்சுக்கோங்க, பதினாறுல பதினொண்ணு. கஷ்டமான காரியத்துக்கு நாலும் மேலயும், அது பதினாறுல ஏழுதான், பசங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உருட்டுவாங்க. ரெண்டும் வெறும் பக்கமா விழுந்து பன்னெண்டு வந்தா பிரமாதமா நடந்த மாதிரி, பதினாறுல ஒரு தடவைதான் அது. தாயம் விழுந்தா தோத்ததா மட்டும் சொல்லிடாதீங்க, நம்ம பசங்களுக்கு தாயம்னா கை தட்டணும், காய் எறங்கறதே அதுலதானே. தாயம் விழுந்தா நினைச்சது நடக்காது, ஆனா எதிர்பாக்காத உதவி ஒண்ணு வரும்னு நான் வெச்சிருக்கேன், யாரோ கதவைத் திறப்பாங்க, மஞ்சு விலகும், இப்படி.

கதைக்கு ஜப்பான் வரைக்கும் போக வேணாம். எங்க பக்கம் பேத்துப்பாறைல பெருங்கற்காலத்துக் கல்திட்டைங்க இருக்கு, பெரிய பெரிய பலகைக்கல்லை நிறுத்தி மேல ஒரு கல்லை மூடி வெச்சிருப்பாங்க, ஊர்ல அதை குள்ளர் குகைன்னுதான் சொல்லுவாங்க. அங்கேருந்து ஒரு குள்ளன் வந்து உதவி கேட்டான்னு ஆரம்பிச்சேன், அவ்ளோதான், பசங்க மிச்சத்தை அவங்களே சொல்லிட்டாங்க. கிம்மைப் பாத்த பசங்களுக்கு இது சட்டுன்னு பிடிபடும்.

பழைய_கேசட் (குன்னூர்):
அக்கா சொன்னது சூப்பர். கோத்தகிரிக்கு பக்கத்துலயே ஒரு கோட்டை வேணும்னா எங்க ஊரு ட்ரூக் இருக்கு தம்பி, பக்காசுரன் மலைன்னு சொல்லுவோம்ல, திப்பு சுல்தான் காலத்துல காவல் கோட்டையா இருந்தது, இப்ப இடிஞ்ச செவுருதான் மிச்சம். பேர்லயே அசுரன் இருக்கான், வேற என்ன வேணும்.

மேகமூட்டம் (கோத்தகிரி):
அண்ணா, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து சாயங்காலம் மெழுகுவத்தி வெச்சு வர்க்கியும் டீயுமா ஆரம்பிச்சோம், ஒம்போது மணிக்கு அக்கா வந்து சோறு சாப்பிடச் சொல்ற வரைக்கும் யாரும் எந்திரிக்கல. குள்ளர் குகைலேருந்து வந்த குள்ளனோட தம்பியை பக்காசுரன் கோட்டைல அடைச்சு வெச்சிருக்காங்க. சின்னவதான் எல்ஃப், காது நீளமா இருக்கறதால ரெண்டு மலை தாண்டி பேசறதும் தனக்குக் கேக்கும்னு அவளே சொல்லிட்டா, நானும் சரின்னுட்டேன். பெரியவன் திருடன், ஆனா எதையும் திருட மாட்டேங்கறான், பூட்டு மட்டும்தான் திறப்பானாம். நடுவுல கரண்ட் வந்துது, லேப்டாப்பை யாரும் தொடல. மொத தாயம் விழுந்தப்ப காட்டெருமைக் கூட்டம் ஒண்ணு வந்து காவலாளிங்களை தொரத்திவிட்டதா சொன்னேன், பாட்டியே கை தட்டினாங்க!

இப்ப கோட்டைக் கதவுகிட்ட நிக்கறாங்க, பூட்டு துருப்பிடிச்சு திறக்க வரல, நாலு பேரும் தள்ளி உடைக்கறோம்ங்கறாங்க. இதுக்கு மூணு கேக்கணுமா நாலு கேக்கணுமா அக்கா?

குறிஞ்சிக்காடு (கொடைக்கானல்):
ஒருத்தர் தனியா தள்ளினா நாலு, சேந்து தள்ளினா மூணு. சத்தம் கேட்டு உள்ள யாரு முழிச்சுக்குவாங்கன்னு மட்டும் இப்பவே யோசிச்சு வெச்சுக்கப்பா.