[கலைச்சொல்] வதைமுகாம் உடை: "சீருடை" வேண்டாமே

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். போன வாரம் கேட்ட கேள்விக்கு இத்தனை மடல் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நாஜி வதைமுகாம்களில் எஞ்சிய கைதி உடைகளை ஆராய்ந்து பேணுவது பற்றி விக்கிப்பீடியாவுக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். முதல் வரியிலேயே இடறுகிறது: அந்த உடையை என்னவென்று சொல்வது?

> ஆங்கிலத்தில் யூனிஃபார்ம், தமிழில் கைதிச் சீருடை. இதில் குழப்பம் எங்கே?

இருக்கிறது ஐயா. சீருடை என்றதும் பள்ளிப்பிள்ளையும் பேருந்து நடத்துநரும்தான் கண்ணில் நிற்கிறார்கள். 'சீர்' என்பதற்கு ஒரே மாதிரி என்று மட்டும் பொருள் கொண்டாலும் பொருந்தவில்லை. ஜெர்மனியின் டாஹாவ் வதைமுகாம் 1933-இல் திறந்தது. நமக்குப் படங்களில் பழகிய, நீலக் கோடு போட்ட உடை பரவலானது 1938 வாக்கில்தான். போர் இழுத்துக்கொண்டே போக, துணிக்குப் பஞ்சம் வந்தது. கொல்லப்பட்டவர்களிடமிருந்து பறித்த சொந்த உடைகளையே மற்றக் கைதிகளுக்குக் கொடுத்து, முதுகில் எண்ணெய் வண்ணத்தால் பெருக்கல் குறி போட்டார்கள். இதில் சீர் எங்கே, சீருடை எங்கே? ஜெர்மானிய மொழியிலும் ஹெஃப்ட்லிங்ஸ்க்லைடுங், அதாவது வெறும் 'கைதி உடை'தான். போலந்துக் கைதிகள் அதைப் 'பாசியாக்' என்றார்கள். 'பாஸ்' என்றால் பட்டை. உடுத்தியவர்கள் சொன்ன பெயர் என்பதால் எனக்கு இதன் வழியே போகத்தான் ஆசை.

வந்த சொற்களில் 'கோட்டுடை' வேண்டாம், கோட்டு சூட்டு என்று படிப்பார்கள். 'பட்டையுடை' நாக்கில் நிற்கவில்லை. 'வரியுடை' நன்று, ஆனால் 'வரியுடைய' என்பதன் குறை மாதிரி இருக்கிறது. (வருமான வரித்துறைச் சீருடையா என்று கேட்ட நண்பருக்கு ஒரு கும்பிடு.) உடையை 'உடுப்பு' ஆக்கினால் சிக்கல் தீர்கிறது: வரியுடுப்பு. வரிக்குதிரை இருப்பதால் வரி என்றால் கோடு என்பது குழந்தைக்கும் தெரியும்.

> பெயரில் என்ன இருக்கிறது, துணியைப் பற்றி எழுதுங்கள்.

துணியைப் பற்றி எழுதத்தான் பெயர் கேட்கிறேன். 2015-இல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஒரு வீட்டுச் சாமான்களை விற்றபோது, அலமாரிக்குள் டாஹாவ் கைதி ஒருவரின் மேற்சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. இப்படி ஒன்று கைக்கு வந்தால் முதலில் நெஞ்சுப் பக்கத்துக் கைதி எண்ணையும், கைதியின் வகையைக் காட்டும் முக்கோணத் துணியையும் பார்க்கிறார்கள். சிவப்பு முக்கோணம் என்றால் அரசியல் கைதி. உள்ளே 'பி' என்ற எழுத்து இருந்தால் போலந்துக்காரர். பிறகு, நாஜிகளால் பாதிக்கப்பட்டோரின் ஆவணங்களைப் பேணும் ஜெர்மனியின் அரோல்சன் ஆவணக்காப்பகத்தில் தேடுகிறார்கள். 1.7 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரம் அங்கே இருக்கிறது. ஆனால் எண் கிடைத்ததும் ஆள் கிடைத்துவிடுவதில்லை. புக்கன்வால்ட் முகாமில் இறந்தவரின் எண்ணை அடுத்து வந்தவருக்குக் கொடுத்தார்கள். எந்த முகாம், எந்த மாதம் என்பதும் சேர்ந்தால்தான் ஆள் தெரியும்.

போலிகளும் திரைப்பட உடைகளும் சந்தையில் உலவுகின்றன. புற ஊதா விளக்கில் துணி நீலமாக ஒளிர்ந்தால், வெண்மைக்காகச் சலவைத்தூளில் சேர்க்கும் பொருள் இருக்கிறது என்று பொருள்; அது போருக்குப் பின் பரவலானது. உடனே போலி என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. முகாமிலிருந்து உயிரோடு மீண்டவர் வீட்டுக்கு வந்து நாலு தடவை துவைத்திருக்கலாம். போருக்குப் பின் வந்த பாலியெஸ்டர் நூலில் தையல் இருந்தாலும் இதே கதைதான், மனைவியோ மகளோ கிழிசலை ஒட்டுப்போட்டிருக்கலாம்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்

---

மறுமொழி:

தம்பி, வரியுடுப்புக்கு என் ஓட்டு. ஆனால் முதுகில் பெருக்கல் குறி போட்ட சட்டையில் வரி ஏது? பொதுப்பெயராக 'முகாம் உடுப்பு' வைத்து, அதற்குள் வரியுடுப்பு, குறியுடுப்பு என்று பிரித்துவிடுங்கள்.

துணி பேணும் வேலையில் இருப்பவள் என்பதால் இன்னொன்று. உங்கள் வரைவில் 'கறை நீக்கி' என்று ஓரிடத்தில் கண்டேன். அதை எடுத்துவிடுங்கள். சேறு, வியர்வை, இரத்தம் எதையும் துவைத்து எடுப்பதில்லை. வலையை மேலே விரித்து, மெல்ல உறிஞ்சும் கருவியால் உதிரித் தூசியை மட்டும் எடுப்போம். அந்தத் துணிகள் பலவற்றில் ரேயான் இழை கலந்திருக்கும். நனைந்தால் வலுவில் ஏறக்குறைய பாதி போய்விடும். கழுத்துப் பட்டையில் படிந்த வியர்வைக் கறை ஒருவர் அதை உடுத்தினார் என்பதற்குச் சாட்சி. இதற்கு நாங்கள் வாய்மொழியாகச் சொல்வது 'தடயக்கறை'. குழுமம் ஏற்றால் மகிழ்ச்சி.

---

மறுமொழி:

அக்கா, நீங்கள் சொன்ன பெயர்களை அப்படியே சேர்த்துவிட்டேன். கறை நீக்கியதையும் நீக்கிவிட்டேன்.

ஒன்று பாக்கி. ரொட்டித் துண்டோ கரண்டியோ மறைக்க, கைதிகள் சட்டைக்குள் பக்கம் தாங்களே தைத்துக்கொண்ட சிறு பை. முகாமில் அதற்குத் தடை. 'கள்ளப்பை' என்று எழுதி அடித்துவிட்டேன்; காவலனுக்குத்தான் அது கள்ளம். 'ஒளிவுப்பை' சரிவருமா? தையற்கடைக்காரர்கள் வேறு ஏதாவது சொல்வார்களா?