முகம் காட்டாத இயேசு: பழைய ரோமாபுரிப் படங்கள், நம் அனுபவங்கள்

பழைய ரோமாபுரிப் படங்களைப் பற்றி இங்கே எழுதிய எல்லோரும், ஹாலிவுட் படமான பென்-ஹர் என்றதும் அதன் தேர்ப்பந்தயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்குத் தண்ணீர்க் காட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா தியேட்டரில் ஆபரேட்டர். படம் 1959இல் வெளிவந்தது. எங்கள் ஊருக்கு வர ரொம்ப வருடம் ஆயிற்று. அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆபரேட்டர் ரூமில் புரொஜெக்டர் சூட்டில் ஸ்டூல் மேல் ஏறி நின்று, சுவரில் இருக்கும் சின்னச் சதுர ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஆங்கிலம் ஒரு வார்த்தை புரியாது. நாங்கள் கிறிஸ்தவர்களும் இல்லை, கதையும் தெரியாது.

செய்யாத குற்றத்துக்காகக் கதாநாயகன் யூதா பென்-ஹரைச் சங்கிலியில் கட்டி வெயிலில் நடத்திக்கொண்டு போகிறார்கள். நாசரேத்தில் தண்ணீர் கிடைக்கிறது. மற்றவர்கள் குடிக்கிறார்கள், அவனுக்கு மட்டும் கூடாதென்று ரோமானிய அதிகாரி தடுத்துவிடுகிறான். யூதா மண்ணில் விழுகிறான். அப்போது ஒரு கை வந்து அவன் தலையை நனைத்து, குடிக்கக் கொடுக்கிறது. கைக்கு உரியவரின் முதுகும் முடியும்தான் நமக்குத் தெரியும். அதிகாரி அதட்டிக்கொண்டே வருகிறான். அவர் எழுந்து நின்று அவனைப் பார்க்கிறார், அவ்வளவுதான். அவன் முகத்தைத் திருப்புகிறான், மறுபடி பார்க்கிறான், நகர்ந்து போகிறான்.

கீழே தரை டிக்கெட்டில் அதுவரை சளசளவென்று இருந்தது. அந்த இடத்தில் பேச்சு நின்றது. ரீல் ஓடும் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. அப்பா பக்கத்து ஓட்டையில் நின்றுகொண்டிருந்தார். எத்தனை காட்சி ஓட்டினாலும் அந்த இடத்துக்கு வந்துவிடுவார். “அவர் மூஞ்சியப் பார்த்ததும் அந்த ஆளுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல, பாத்தியாடா?” என்றார்.

இயேசுவாக நடித்தவர் கிளாட் ஹீட்டர் என்ற ஓபரா பாடகர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. பதினொரு ஆஸ்கார் வாங்கிய படம் இது. நாம் ஆவலோடு தேடும் ஒரே முகத்தை மூன்றரை மணி நேரமும் காட்டாமல் வைத்திருந்த இயக்குநர் வில்லியம் வைலரை நினைத்தால் இன்றும் கும்பிடத் தோன்றுகிறது. அந்த முகத்தை நாம் அந்த அதிகாரியின் கண்ணில்தான் பார்க்கிறோம்.

பந்தயத்தைப் பற்றியும் ஒன்று. அணிவகுப்புக்கு முழங்குகிற இசை, தேர்கள் ஓடத் தொடங்கியதும் நின்றுவிடும். குளம்பும் சக்கரமும் கூட்டத்தின் கூச்சலும்தான். இசையமைப்பாளர் மிக்லோஸ் ரோஸா அங்கே இசையே போடவில்லை. அப்பா சொல்லித்தான் கவனித்தேன்.

* * *

அண்ணா, ஆபரேட்டர் பிள்ளை என்கிறீர்கள், தி ரோப் படத்தை விட்டுவிட்டீர்களே! சினிமாஸ்கோப் என்ற அகலத்திரையில் வெளியான முதல் படம் அதுதான், 1953இல். தமிழில் ராஜராஜ சோழன் படம் அப்படி வர இன்னும் இருபது வருடம் ஆனது. அதிலும் இயேசுவின் முகம் தெரியாது. சிலுவையின் அடியில் சூதாடி அவருடைய அங்கியை ஜெயித்த ரிச்சர்ட் பர்டனின் முகம்தான் நமக்கு. ஆனால் படம் ரோமப் பேரரசன் கலிகுலா காலத்திலேயே கிறிஸ்தவர்களைச் சாவுக்கு அனுப்புகிறது. அதற்குச் சரித்திரத்தில் ஆதாரம் இல்லை. ரோமில் நமக்குத் தெரிந்த முதல் வேதகலாபனை, அதாவது கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியது, பேரரசன் நீரோ காலத்தது, 64ஆம் ஆண்டின் பெரிய தீக்குப் பிறகு.

அந்தக் கதைதான் குவோ வாடிஸ். 1951 படத்தைப் பங்குச் சாமியார் எங்களுக்குப் போட்டுக் காட்டினார். பீட்டர் உஸ்தினோவின் நீரோவைப் பார்த்துப் பல நாள் பயந்திருக்கிறேன். வேலை நிமித்தம் ரோமுக்குப் போனபோது முதல் நாளே கொலோசியத்துக்கு ஓடினேன். இங்கேதானே சிங்கங்கள், இங்கேதானே படத்தில் வரும் உர்சுஸ் காளையோடு மல்லுக்கட்டினான் என்று. அங்கே வந்த வழிகாட்டி அம்மா மெதுவாகச் சொன்னார்: நீரோ செத்து பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் இது திறக்கப்பட்டது, 80இல். நீங்கள் தேடுகிற இடம் வத்திக்கான் பக்கம் இருந்த நீரோவின் மைதானம்.

மறுநாள் புனித பேதுரு சதுக்கத்துக்குப் போனேன். நடுவில் நிற்கும் எகிப்தியக் கல்தூண் நீரோவின் அந்த மைதானத்தில் நின்றதுதான். 1586இல் இன்றைய இடத்துக்கு நகர்த்தினார்கள். நம் இராயப்பரை, அதாவது பேதுருவை, தலைகீழாகச் சிலுவையில் அறைந்தது அந்த மைதானத்தில்தான் என்பது பழைய நம்பிக்கை. கிறிஸ்தவர்களை இரவில் விளக்காக எரித்ததை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதிவைத்திருக்கிறார், அவர் கிறிஸ்தவர்களை வெறுத்தவர். படத்தில் பார்த்தபோது வராத அழுகை அந்தத் தூணைத் தொட்டபோது வந்தது. சுற்றிலும் ஜனங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள், நான் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு அப்படியே நின்றேன்.

அப்பியா சாலையில் இருக்கும் குட்டிக் கோயிலுக்கும் போனேன். ரோமை விட்டு ஓடிய இராயப்பர் ஆண்டவரை எதிரே கண்டு, எங்கே போகிறீர் (லத்தீனில் ‘குவோ வாடிஸ்’) என்று கேட்டதாகச் சொல்லும் இடம். குவோ வாடிஸ் நாவலை எழுதிய சியென்கியேவிச்சின் மார்பளவுச் சிலை உள்ளே இருக்கிறது.

* * *

யாரும் பரபாஸ் படத்தைச் சொல்லவில்லையே. 1961, அந்தோனி குவின். இயேசுவுக்குப் பதிலாக விடுதலையான திருடனின் கதை. சிலுவை மரண நேரத்தில் சூரியன் இருளும் காட்சிக்கு 1961 பிப்ரவரி 15 அன்று இத்தாலியில் தெரிந்த நிஜமான முழுக் கிரகணத்தையே படம் பிடித்தார்கள். தப்பினால் மறுபடி எடுக்க முடியாது. நான் கல்லூரி விடுதியில் தனியாகப் பார்த்தேன். விசுவாசம் போய்விட்டது என்று நானே நினைத்துக்கொண்டிருந்த காலம். கந்தகச் சுரங்கத்தில் பரபாஸோடு ஒரே சங்கிலியில் கட்டப்பட்டவன், நீ அவரைப் பார்த்தாயாமே, சொல் என்று கெஞ்சுவான். இவனுக்குச் சொல்லத் தெரியாது. எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது. படம் முடிந்த பிறகும் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

* * *

இரண்டு பேருக்கும் நன்றி. அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். பரபாஸ் அவர் ஓட்டியதில்லையாம். “கிரகணத்த எந்த ஸ்பீடுல எடுத்தானோ” என்று ரெண்டு தரம் கேட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போட்டுக் காட்டப் போகிறேன்.