புதுப்பிப்பு: அம்மாவின் டிரமடால் மாத்திரை விஷயம்

போன வாரம் எழுதியிருந்தேன்: கோத்தகிரியில் தேயிலைச் சரிவில் வழுக்கி அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது, வலிக்கு டிரமடால் 50 மில்லிகிராம் கொடுத்தார்கள், இரண்டாம் நாளே தலைசுற்றலும் குமட்டலும், நிறுத்திவிடலாமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நாங்களாக நிறுத்தவில்லை. அம்மா சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போனோம், அதுதான் நல்லதாகப் போயிற்று. மூன்று வருடமாக மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் சாப்பிடுகிறார். முதல் நாள் அவசரத்தில் அதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. டிரமடால் ஓபியாய்டு (அபின் மாதிரி வலியை மட்டுப்படுத்தும் மருந்து) வேலையோடு மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தையும் கூட்டும், செர்ட்ராலினும் அதையே செய்யும், இரண்டும் சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, சிலருக்கு வலிப்புகூட வரலாமாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மூடுபனிக் குளிரில் அம்மாவுக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது, டம்ளரைப் பிடித்த கை ஆடி டீ புடவையில் சிந்தியது, வலியால்தான் என்று நினைத்துவிட்டேன்.

சரி, இப்போது பாராசிட்டமால் மட்டும். டிரமடால் சாப்பிட்டது ஐந்து நாள்தான் என்பதால் டாக்டர் அதை உடனே நிறுத்தச் சொன்னார். வாரக்கணக்கில் சாப்பிட்டவர்கள் சட்டென்று விடக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். நடுக்கம் போய்விட்டது. மலச்சிக்கல் மட்டும் கொஞ்சம் மிச்சம், வெந்நீரும் பேரிக்காயுமாக ஓடுகிறது.

அப்புறம், மீதி ஆறு டிரமடால் மாத்திரையைப் பக்கத்து வீட்டு அக்கா மூட்டுவலிக்குக் கேட்டார். கொடுக்கவில்லை. 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் இருக்கிற மருந்து அது.